சரிக்கட்டின வேகம்

ஹால்வர்சன் தம்பதிக்கு விவாகரத்து ஆனபோது எல்லாம் சுமுகமாகத்தான் பிரிந்தது. வீடு டெல்மருக்கு, ஏனென்றால் அவனுடைய வைக்கோல் கொட்டகை அதை ஒட்டி இருக்கிறது. பிக்கப் வண்டி ரோவீனாவுக்கு. நாய் யாரிடம் போகும் என்று கேட்கவே வேண்டாம், டெல்மரின் டிராக்டரை விட்டு அது கீழே இறங்கினால்தானே. அடுக்கி வைத்த விறகைக்கூடப் பாதிக்குப் பாதி சண்டையில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு துப்பாக்கி மிஞ்சியது. அதில்தான் வந்தது வினை.

"அது டெல்மரோடதுதானே" என்றது ஊர். சொல்கிறவர்களுக்கு வாயா வலிக்கப் போகிறது? ரோவீனாவுக்கு வயிறு எரிந்தது. குழலைப் பொருத்தியவன் டெல்மர், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டையை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்தவள் அவள். அதுகூடப் போகட்டும், தோட்டா? கடைத் தோட்டா ஒன்றைக்கூட அந்தத் துப்பாக்கி பார்த்ததில்லை. பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை அளந்து பொருத்தி, ஒவ்வொன்றையும் கையால் செய்தவள் அவள். எத்தனை கெஜத்துக்கு டெலஸ்கோப்புத் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவளும் அவளே. படுத்து விசையை இழுத்தவன் மட்டும் டெல்மர். துப்பாக்கி கிளப் சுவரில் ஏறியதும் அவன் பெயர் மட்டும்தான்.

டெல்மர் சும்மா பெயர் வாங்கியவன் என்றும் சொல்லிவிட முடியாது. அவர்கள் ஊரான ஜூடித் கேப்பில் காற்று எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது காற்றுக்கே தெரியாது, டெல்மருக்குத் தெரியும். வருஷம் பூரா வைக்கோல் அறுக்கிறவன், புல்லைப் பார்த்தே சொல்லிவிடுவான். அதில் அவனை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ரோவீனாவுக்கு அந்த வித்தை வரவே இல்லை. தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறவள், அவளுக்கு முள் நின்ற இடம்தான் கணக்கு.

நீதிபதி, "விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். அத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு பேச்சில்தான் என்று பிறகு ஊரே சொல்லிச் சிரித்தது.

வழி சொன்னவர் இங்வல்ட் பெரியவர். அவர் மேய்ச்சல் மேட்டில்தான் கிளப்காரர்கள் இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டுச் சுடுவார்கள். கோதுமை லாரியோடு ரோவீனாவிடம் எடை போட வந்தவர், வைக்கோல் விலை பேச வந்திருந்த டெல்மரையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இங்க பாருங்க, ஆளுக்கு ரெண்டு வாரம் துப்பாக்கியை வச்சுக்கோங்க. அவங்கவங்க தோட்டாவை அவங்கவங்களே செஞ்சுக்கணும். அப்புறம் என் மேட்டுக்கு வாங்க. இதுவரைக்கும் நீங்க சுடாத தூரத்துல ஒரு தகடு மாட்டுறேன். எத்தனை கெஜம்னு அன்னிக்குக் காலைலதான் சொல்லுவேன். துப்பாக்கி நேரா இருக்கான்னு நூறு கெஜத்துல ஒண்ணு சுட்டுப் பாத்துக்கலாம், தகட்டுமேல சோதனைக்குன்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஆளுக்கு அஞ்சு. யாரு ஜாஸ்தி அடிக்கிறாங்களோ அவங்க எடுத்துட்டுப் போகட்டும்."

"சமமா வந்தா?" என்றாள் ரோவீனா.

"இன்னும் அஞ்சு. அதுவும் சமமா வந்தா நானே வச்சுக்கறேன், ரெண்டு பேரும் என் பிராணனை வாங்காம விட்டீங்கன்னா போதும்."

டெல்மர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தான். "எனக்குச் சம்மதம் பெரியவரே. ரோ சுட்டு நான் பாத்ததே இல்ல. அதுக்காகவாவது வரேன்."

"வா, வா. வந்து பாரு" என்றாள் அவள். அன்றைக்குப் பிறகு அவளுக்குத் தூக்கத்திலும் அந்தச் சிரிப்புத்தான் கேட்டது.

முதல் இரண்டு வாரம் அவளுடையது. ஹார்ட்வேர் கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் சாப்பாட்டு மேசையே பட்டறை ஆயிற்று. தட்டு வைக்க இடமில்லாமல் மான்கறித் தொத்திறைச்சியை நின்றுகொண்டே தின்றாள். மூன்று விதமாகத் தோட்டா செய்தாள். ஒன்று மருந்து கம்மி, குண்டு மெதுவாகப் போகும். ஒன்று நடுத்தரம். ஒன்று கொஞ்சம் தூக்கல்.

தூரத்துக்குச் சுடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேகம் என்றால் வாயில் எச்சில் ஊறும். ரோவீனாவுக்கு வேகம் பெரிதில்லை, ஒரே வேகம்தான் பெரிது. ஒரு பெட்டித் தோட்டாவில் ஒன்று வேகமாகவும் இன்னொன்று மந்தமாகவும் போனால், தொலைவில் ஒன்று நெஞ்சில் விழும், மற்றது முழங்காலில் விழும். குழல் நுனியில் வேக மீட்டரைக் கட்டிவிட்டு மூன்று விதத்தையும் சுட்டுப் பார்த்தாள். தூக்கலான தோட்டா தாறுமாறாக ஓடியது. மெதுவானதும் அவ்வளவு சுகமில்லை. நடுத்தரம் மட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகப் போயிற்று. சரி, இதுதான் என்று முடிவு கட்டினாள்.

மீட்டர் கட்டியிருக்கும்போதே நூறு கெஜத்தில் துப்பாக்கியை நேர் பிடிக்கிற வேலையையும், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி டெலஸ்கோப்பைத் திருத்துகிற வேலையையும், முடித்துக்கொண்டாள். டெல்மரும் அவளும் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். குழலுக்கும் ஆயுசு இருக்கிறது அல்லவா, ஒரே சூட்டில் இரண்டு வேலையும் ஆகிவிட்டால் நல்லதுதானே.

அதற்கப்புறம் இருப்பது குண்டு விழுகிற கணக்கு. குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து குண்டு விழுந்துகொண்டேதான் போகிறது. ஆயிரம் கெஜத்துக்கு மேல் போனால் மூன்று நான்கு மாடி உயரம் விழுந்துவிடும். அந்த அளவுக்குத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குண்டின் எடை, வேகம், தூரம், குளிரா வெயிலா, எல்லாவற்றையும் போனில் போட்டால் டெலஸ்கோப்புத் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். ரோவீனா மேட்டுக்குப் போய், அறுநூறு கெஜத்துக்குக் கணக்குப் போட்டு, திருப்பி, படுத்துச் சுட்டாள். தகட்டில் அரைச் சாண் மேலே விழுந்தது. இன்னொன்று சுட்டாள். அதுவும் அரைச் சாண் மேலேதான். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு அழகாக உட்கார்ந்திருந்தன, ஆனால் தப்பான இடத்தில்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கணக்கும் குண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் போனில் வேகத்தை மாற்றிவிடுவார்கள். மீட்டர் சொன்ன வேகத்தை அழித்துவிட்டுக் கொஞ்சம் கூட்டிப் போட்டால், அறுநூறு கெஜத்துக்குக் கணக்கு தானாக வழிக்கு வந்துவிடும். அதற்குப் பெயர் சரிக்கட்டுவது. கிளப்பில் அது ஏதோ பெரிய சாமர்த்தியம் மாதிரி நடக்கும். டெல்மர் அதில் மன்னன். ஒவ்வொரு வருஷமும் அவள் வேகத்தைப் போட, அவன் பக்கத்தில் வந்து நின்று, "மீட்டர் கிடக்குது விடு, கூட்டிப் போடு, சரியாப் போயிடும்" என்பான். அவளும் கூட்டிப் போடுவாள். சரியாகத்தான் போயிற்று, எண்ணூறு கெஜம் வரைக்கும்.

போனில் வேகம் போடுகிற இடத்துக்கு மேல் அவள் விரலும் வந்துவிட்டது. அழுத்தினால் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கலாம். அவள் அழுத்தவில்லை.

"சரிக்கட்டறதாம், சரிக்கட்டறது" என்று வாய்விட்டே சொன்னாள். மேட்டில் கேட்க ஒரு மாடுகூட இல்லை. அவனுக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வைத்தியம்தான். கூரை ஒழுகினால் பாத்திரத்தை நகர்த்தி வைப்பான். அவள் நாலு நாள் பேசாமல் இருந்தால், ஏன் என்று கேட்க மாட்டான். பேக்கரியிலிருந்து பழ அடை வாங்கி வந்து மேசையில் வைத்து அவளையும் சரிக்கட்டிவிடுவான். அவளும் தின்றுவிட்டுச் சமாதானம் ஆகியிருக்கிறாள், அதை நினைக்க இப்போது அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் இன்னொரு தப்பைப் போட்டு மூட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக நோண்டினாள். டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களைக் கழற்றி மாட்டினாள். தூரத்தை மறுபடி அளந்தாள். குண்டுகளை மறுபடி நிறுத்தாள். திருகு சொன்னபடி நகர்கிறதா என்று அட்டையில் கோடு போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாயங்காலம் ஆகி, கை மரத்துப்போய், சீ என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டும்போதுதான் மடியில் இருந்த வேக மீட்டரைப் பார்த்தாள்.

இது குழல் நுனியில் தொங்கும்போதுதானே நூறு கெஜத்தில் நேர் பிடித்தோம். இப்போது இது தொங்கவில்லையே.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தாள். மீட்டர் இல்லாமல் நூறு கெஜத்தில் சுட்டாள். ஒரு பெருவிரல் அகலம் மேலே விழுந்தது. மீட்டரைக் கட்டிச் சுட்டாள், நட்ட நடுவில் விழுந்தது. கழற்றினாள், மறுபடி பெருவிரல் அகலம் மேலே. தூண்டில் நுனியில் மீன் தொங்குகிற மாதிரி அந்தச் சனியன் தொங்கிக் குழலைக் கீழே இழுத்திருக்கிறது. இத்தனை வருஷமும் துப்பாக்கியைக் கோணலாக நேர் பிடித்துவிட்டு, அந்தக் கோணலை மறைக்க வேகத்தில் பொய் சொல்லியிருக்கிறார்கள். அறுநூறு எண்ணூறுக்கு அந்தப் பொய் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. கோணல் என்பது ஒரே அளவு. வேகத்தில் சொன்ன பொய்யோ தூரம் போகப் போகப் பெருகும். ஆயிரத்து இருநூறு கெஜத்தில் என்ன ஆகும் என்று போனில் போட்டுப் பார்த்தாள். ஒரு முழத்துக்கும் அதிகமாகக் கீழே போய்விடும்.

மீட்டர் இல்லாமல் புதிதாக நேர் பிடித்தாள். மீட்டர் சொன்ன வேகத்தை நொடிக்கு ஒரு அடிகூட மாற்றாமல் அப்படியே போட்டாள். அறுநூறில் நடுவில் விழுந்தது. எண்ணூறிலும் நடுவில் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

துப்பாக்கியைக் கொடுக்க வேண்டிய நாளில் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். சொல்லாவிட்டால் அவன் தோற்பது நிச்சயம். ஆனால் அப்புறம் காலம் பூரா, தெரியாத குழியில் தள்ளி ஜெயித்தாள் என்று ஆகிவிடும். ஊர் சொல்கிறதோ இல்லையோ, அவளே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது துப்பாக்கி, அதுவும் தன் கையால் வாங்கினதாக வேண்டும்.

டெல்மர் கொட்டகையில் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"டெல், ஒரு விஷயம். மீட்டரைக் கட்டிக்கிட்டு நேர் பிடிக்காத. கழட்டினா ஒரு பெருவிரல் மேல போகுது. நான் சுட்டுப் பாத்துட்டேன்."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "என்னது?"

"மீட்டர் குழலை இழுக்குது. அதனாலதான் நாம ஒவ்வொரு வருஷமும் வேகத்தைக் கூட்டிப் போட வேண்டியிருக்கு. தப்பு வேகத்துல இல்ல."

"ஏய், எண்ணூறுல நாம எத்தனை வருஷமா அடிக்கிறோம்?"

"எண்ணூறுல அடிப்ப. அதுக்கு மேல கீழ போகும்."

அவன் துப்பாக்கியைப் பையோடு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். முகத்தில் அந்தச் சிரிப்பு. "போட்டிக்கு முன்னாடியே என்னைக் குழப்பிவிடப் பாக்கிறியா, ரோ? பரவால்லியே, தேறிட்டியே."

"குழப்பறதுக்கு நான் ஏன் வண்டி ஓட்டிக்கிட்டு வரணும்? உனக்கு நஷ்டமாகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"மீட்டராம், இழுக்குதாம். அது எலிக்குட்டி கனம்கூட இருக்காது. நீ உன் தராசை வச்சுக்கிட்டு உலகத்தையே எடை போடுவ. எனக்குத் தெரியும் என் துப்பாக்கி எப்படிச் சுடும்னு."

என் துப்பாக்கி என்றான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்" என்று வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். நாய்கூட ஒரு அடி பின்வாங்கியது.

போட்டி நாள் காலையில் இங்வல்ட் ஒரு டப்பா உருளைக்கிழங்கு ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் காப்பியுமாக மேட்டில் காத்திருந்தார். மூன்று பேர்தான். ஊரைக் கூட்டக் கூடாது என்று ரோவீனா முன்பே சொல்லியிருந்தாள். எதிரே நீளமான பள்ளம், அதற்கு அந்தப் பக்கச் சரிவில் வெள்ளை அடித்த தகடு. இரண்டடிக்கு இரண்டடி. வெறும் கண்ணுக்கு உப்புக்கல் அளவு தெரிந்தது.

"ஆயிரத்து இருநூத்தி நாப்பது கெஜம்" என்றார் பெரியவர். "ரொட்டி வேணும்னா இப்பவே தின்னுக்கோங்க. தோத்தவங்களுக்கு அப்புறம் இறங்காது."

சீட்டுப் போட்டதில் டெல்மர் முதலில். தன் தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அவளுக்குக் காட்டினான். காதருகே குலுக்கினான், சத்தமே வரவில்லை, கழுத்து வரை மருந்து அடைத்தது என்று தெரிந்தது.

"மீட்டர் ஒரு வேகம் சொல்லுச்சு. அறுநூறுல சுட்டுப் பாத்தா அதைவிட வேகமாப் போகுது. அவ்வளவு பறக்குது, மீட்டருக்கே கண்ணு தெரியல" என்றான்.

"கூட்டிப் போட்டியா?"

"பின்ன? கூட்டித்தான் போட்டேன்."

சொல்ல வேண்டியதை அவள் சொல்லியாயிற்று.

டெல்மர் படுத்தான். படுக்கிற அழகு ஒன்று போதும், மனிதன் தரையோடு ஒட்டிப்போய்விடுவான். புல்லைப் பார்த்தான், பள்ளத்தில் கானல் ஓடுவதைப் பார்த்தான், இழுத்தான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். தகட்டுக்கு ஒரு சாண் கீழே புழுதி எழும்பியது. காற்றுக் கணக்கு கச்சிதம், நேர் கீழே. இரண்டாவது இன்னும் கீழே விழுந்தது. அவன் கழுத்து சிவந்தது. திரும்பிப் பார்க்காமல் திருகை மேலே ஏற்றினான், கண்மதிப்பில். மூன்றாவது சூட்டுக்குப் பிறகு சில நொடி கழித்து பள்ளத்தைத் தாண்டி டங் என்ற சத்தம் வந்தது. நான்காவது தகட்டுக்கு மேலே பறந்தது. அதே திருகு, அதே கை, ஆனால் தோட்டா ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஐந்தாவது மறுபடி டங் என்றது.

"ரெண்டு" என்றார் இங்வல்ட்.

டெல்மர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். முகத்தில் சிரிப்பு இல்லை. "இப்ப எனக்கு உயரம் தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னான். சமமாக வந்து இன்னும் ஐந்து சுட்டால் அவன் விடமாட்டான் என்று ரோவீனாவுக்குப் புரிந்தது. அவள் இந்த ஐந்திலேயே மூன்று அடித்தாக வேண்டும்.

டெல்மர் நேர் பிடித்திருந்ததை அழித்து, டெலஸ்கோப்பைத் தான் பிடித்த பழைய நேருக்கே திருப்பினாள். இங்வல்ட் அனுமதித்த அந்த ஒரு நூறு கெஜச் சூட்டில் அதைச் சரிபார்த்துக்கொண்டு, திருகைத் தன் எண்ணுக்கு ஏற்றிவிட்டுப் படுத்தாள்.  அவள் இழைத்த கட்டை கன்னத்தில் வந்து பதிந்தது. எத்தனையோ நாள் இதன் பக்கத்தில் உட்கார்ந்து எண் சொல்லியிருக்கிறாள், இதன்மேல் கன்னம் வைத்துப் போட்டியில் படுத்ததில்லை. என்ன ஆனாலும் சரி, இதை விடப் போவதில்லை என்று நினைத்தாள்.

முதல் குண்டு நட்ட நடுவில் விழுந்தது. சத்தம் வருவதற்குள்ளேயே, தன் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்த இங்வல்ட், "அடேயப்பா" என்று முனகினார். டெல்மர் முக்காலியில் வைத்திருந்த தன் பைனாகுலரை விட்டுத் தலையைத் தூக்கி அவளை ஒரு தரம் பார்த்தான்.

இரண்டாவது போனது வலது ஓரத்தைத் தாண்டி. உயரம் அதே நடுத்தான், காற்று தள்ளிவிட்டது. அவள் தகட்டின் இடது ஓரத்துக்குச் சற்று வெளியே பிடித்தாள், மூன்றாவது டங் என்றது. நான்காவதுக்கும் அதே பிடி பிடித்தாள். இதற்குள் காற்று ஓய்ந்திருக்கிறது, அது அவளுக்குத் தெரியவில்லை, குண்டு இடது ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. உயரத்தில் நான்கும் ஒரு கையகலத்துக்குள். அதில் என்ன பெருமை, எண்ணிக்கை இரண்டு.

மிச்சம் இருப்பது ஒன்று. பக்கத்தில் நட்டிருந்த குச்சியில் ரிப்பன் அசையாமல் தொங்கியது. காற்றே இல்லை என்று முடிவு செய்து தகட்டின் நடுவில் பிடித்தாள். விரல் விசைக்குப் போனது.

"பொறு" என்றான் டெல்மர்.

அவள் விரலை எடுத்தாள்.

"உன் மூக்குக்கிட்ட இருக்கிற ரிப்பனைப் பாக்காத. நடுப்பள்ளத்துல புல்லு சாயுது பாரு. கானல் வலது பக்கமா ஓடுது. இடது ஓரத்துல பிடி. ஓரத்துக்கு வெளிய போகாத, ஓரத்துலயே."

இங்வல்ட் டெல்மரைத் திரும்பிப் பார்த்தார்.

ரோவீனா பள்ளத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எல்லாப் புல்லும் ஒரே மாதிரிதான் இருந்தது. கவிழ்க்கப் பார்க்கிறானா? இது தப்பினால் சமம். சமம் என்றால் இன்னும் ஐந்து, அதில் அவன் வாரிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குப் பொய் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வேகத்தில் பொய் சொல்லியிருக்கிறான். எங்கே போனாய் என்றால் பொய் சொல்லியிருக்கிறான். காற்றில்? அத்தனை வருஷத்தையும் ஒரு நொடியில் புரட்டிப் பார்த்தாள். காற்று விஷயத்தில் இந்த மனிதன் ஒரு நாளும் அவளிடம் பொய் சொன்னதில்லை, தப்பாகவும் சொன்னதில்லை.

இடது ஓரத்தில் பிடித்தாள். இழுத்தாள்.

குண்டு போகிற நேரமும் சத்தம் வருகிற நேரமும் சேர்ந்து ஒரு யுகமாக நீண்டது. டங்.

அவள் முகத்தைக் கட்டையின் மேலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மூணு" என்றார் இங்வல்ட் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா தம்பி, நீ குறுக்க பேசினியே. அதை எப்படி எண்ணுறது? நீ வேண்டாம்னா கடைசியைத் தள்ளிடறேன்."

"தகடு சத்தம் போட்டுச்சுல்ல? எண்ணுங்க பெரியவரே" என்றான் டெல்மர்.

"நீயேதானய்யா உன் வாயால கெடுத்துக்கிட்ட."

"நல்ல சூடு ஒண்ணு வீணாப் போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வாய்ல வந்துருச்சு, என்ன பண்ணச் சொல்றீங்க?"

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு காப்பி ஃபிளாஸ்க்கைத் தேடி வண்டிப் பக்கம் போனார். ரோவீனா எழுந்து துப்பாக்கியின் வயிற்றைத் திறந்து, காலி என்று இரண்டு முறை பார்த்து, பையின்மேல் வைத்தாள். டெல்மர் பக்கத்தில் வந்து நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜேபியில் விட்டுக்கொண்டான்.

"நான் கவுத்துவிடறேன்னு நினைக்கலியா?" என்றான்.

"நினைச்சேன்."

"அப்புறம் எப்படி நான் சொன்ன இடத்துலயே பிடிச்ச?"

"காத்து உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் சொன்னா கேக்கறதுக்கு என்ன?"

அவன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளால் அதோடு விட முடியவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நானும்தான் சொன்னேன் டெல். வண்டி ஓட்டிக்கிட்டு வந்து சொன்னேன். மீட்டரைக் கழட்டி ஒரு தோட்டா சுட்டுப் பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும். ஒரே ஒரு தோட்டா. ஏன் பாக்கல?"

ஏதாவது சமாதானம் சொல்லுவான், சிரித்து மழுப்புவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மழுப்பவில்லை.

"நம்பாம இல்ல" என்றான். "நீ சொன்னப்பவே சரியாத்தான் இருக்கும்னு பட்டுச்சு. உன் கணக்கு என்னிக்குத் தப்பா இருந்திருக்கு? கழட்டப் போனேன், ரெண்டு தடவை கையை வச்சேன். கழட்டல."

"ஏன்?"

"நீ சொன்னதுங்கிறதாலதான்."

ரோவீனாவுக்கு நெஞ்சில் ஓங்கிக் குத்தின மாதிரி இருந்தது. இதை அவள் எப்போதோ அறிந்திருக்க வேண்டும், அறிந்துதான் வீட்டை விட்டு வந்தாளோ என்னவோ, ஆனால் அவன் வாயால் கேட்டதில்லை. வலித்தது. அதே நேரத்தில் பல வருஷமாகத் தோளில் இருந்த ஒரு சுமை இறங்கின மாதிரியும் இருந்தது. தப்பு தன்னிடம் எங்கே இருக்கிறது என்று அவள் எத்தனை நாள் தன்னையே நோண்டிப் பார்த்திருக்கிறாள்.

"சரி" என்றாள். "நிஜத்தைச் சொன்னியே, அது போதும்."

டெல்மர் குனிந்து துப்பாக்கியை எடுத்தான். ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு கட்டையை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினான்.

"பிடி" என்றான். "உன்னோடது."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.